கேரள எல்லையில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்குப் பிளஸ் ஒன் இங்கேயா, பொள்ளாச்சியிலா?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் குடியிருப்பு, அப்பாவும் அம்மாவும் கேரளத்தில் பிறந்தவர்கள். மகன் தமிழ் வழியில் ஒன்பதாவது. பிளஸ் ஒன்னுக்குப் பொள்ளாச்சியில் சேர்த்துவிட்டால் தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் சீட் சுலபம் என்கிறார்கள், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

சீட்டுக்காக என்றால் பொள்ளாச்சிக்கு மாற்றாதீர்கள். எதிர்பார்க்கிற பலன் வராது. எல்லைப் பகுதியில் எந்தப் படிப்பு என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த மாநிலத்தின் வரிசையில் பிள்ளை நிற்கப் போகிறான் என்பதைத் தீர்க்க வேண்டும். இங்கே நிறையப் பேர் அதைப் பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள்.

தமிழ்நாடு பொறியியல் கவுன்சிலிங்கில் 8-ஆம் வகுப்பு முதல் 12 வரை ஐந்து ஆண்டும் தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவரிடம் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்க மாட்டார்கள். வெளியில் படித்தவர் தமிழ்நாட்டைச் சொந்த மாநிலமாகக் கொண்டவர் என்று அந்த அரசின் வருவாய்த் துறையிடம் சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டும். உங்கள் மகன் எட்டையும் ஒன்பதையும் கேரளத்தில் படித்தாயிற்று. பொள்ளாச்சியில் இரண்டு வருஷம் படித்தால் ஐந்து வருஷம் ஆகாது. இன்னொன்றும் இருக்கிறது: ஐந்து வருஷமும் அங்கே படித்திருந்தால்கூட, வேற்று மாநிலத்தைச் சேர்ந்தவர் என்றால் பொதுப் பிரிவில் மட்டும்தான் கணக்கு. பி.சி., எம்.பி.சி. ஒதுக்கீடு கிடையாது. மருத்துவத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் நீளம், 6 முதல் 12 வரை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் சிலர் காரணமாகச் சொல்வார்கள். அது 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. அதற்குத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்தே படித்திருக்க வேண்டும். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்கும் ஆறிலிருந்துதான் கணக்கு. ஒன்பதில் நிற்கிற பிள்ளைக்கு இந்தப் பேச்சே வேண்டாம். ஐந்தாவது படிக்கும் தம்பியோ தங்கையோ வீட்டில் இருந்தால் அவர்களுக்காக இப்போதே யோசிக்கலாம்.

கேரளப் பக்கம் விதி வேறு மாதிரி. பிள்ளையோ பெற்றோரில் ஒருவரோ கேரளத்தில் பிறந்திருந்தால் ‘கீம்’ என்னும் கேரளப் பொறியியல், மருத்துவச் சேர்க்கை விண்ணப்பத்தில் பிள்ளை கேரளீயர். பிளஸ் டூ பொள்ளாச்சியில் படித்தாலும் அது போகாது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பிறந்த இடம் கேரளம் என்று அச்சாகியிருந்தால் அதுவே ஆதாரம். ஆக உங்கள் குடும்பத்துக்கு அரசு ஒதுக்கீட்டு இடம் கேரளத்தில்தான். கோயம்புத்தூர்த் தனியார் கல்லூரிகளின் மேனேஜ்மெண்ட் சீட் எந்த ஊர்க்காரருக்கும் திறந்தது, அதற்குக் கேரள பிளஸ் டூவே போதும்.

அப்பாவின் சொந்த ஊர் உடுமலை, பிழைப்புக்காக இங்கே வந்த குடும்பம் என்றால் நான் சொன்னது மாறும். அவர்கள் தமிழ்நாட்டில் நேட்டிவிட்டி சான்றிதழ் எடுத்து, கேரள பிளஸ் டூ மதிப்பெண்ணோடு தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே 2007-லிருந்து பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். கீமில் நுழைவுத் தேர்வு உண்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணும் அதோடு சேரும்.

சாதிச் சான்றிதழிலும் இதே சிக்கல். ஒரே சாதி இரண்டு மாநிலப் பட்டியலிலும் வெவ்வேறு இடத்தில் இருக்கும், சில சமயம் ஒன்றில் இருக்கவே இருக்காது. ஒரு மாநிலம் கொடுத்ததைக் காட்டி மற்ற மாநிலத்தில் ஒதுக்கீடு கேட்க முடியாது. பட்டியல் சாதிக்கும் அப்படித்தான். தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் க்ரீமிலேயர் (வசதி படைத்தவர்களை ஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் வரம்பு) கிடையாது, கேரளத்தில் உண்டு. அதனால் தமிழ்நாட்டிலுள்ள சொந்தக்காரர்கள் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மத்திய அரசு நிறுவனங்களுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனிப் படிவம், அதையும் அக்ஷயா இ-சேவை மையத்தில் தனியாகச் சொல்லித்தான் விண்ணப்பிக்க வேண்டும். ‘நான்-க்ரீமிலேயர்’ என்று மட்டும் சொன்னால் மாநிலப் படிவத்தில் போட்டுவிடுவார்கள்.

இனி குரூப். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் படிக்கப் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இருந்தால் போதும். நான்காவது பாடம் பயாலஜியா கம்ப்யூட்டரா என்பதுதான் கேள்வி. பயாலஜி எடுத்தால் நர்சிங், பாராமெடிக்கல், வேளாண்மை, கால்நடை எல்லாம் கையில் இருக்கும். கம்ப்யூட்டர் எடுத்தால் இவையெல்லாம் போய்விடும், கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம் புரோகிராமிங் பழக்கம். கேரளத்தில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை எல்.பி.எஸ். மையம் வழியாக, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடக்கிறது. நம் பக்கம் நிறையப் பிள்ளைகளுக்கு அது நிஜமான வழி. பையனுக்குப் பயாலஜி படம் வரைவதே வேம்பு என்றால் கம்ப்யூட்டர் எடுக்கட்டும், தப்பில்லை. ‘அதுதான் ஸ்கோப்’ என்பதற்காக எடுக்க வேண்டாம்.

கணிதம் தாங்குமா என்று தெரிந்துகொள்ள ஆப்டிடியூட் டெஸ்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஓணப் பரீட்சை, கிறிஸ்துமஸ் பரீட்சை, ஆண்டுப் பரீட்சை மூன்றின் கணித விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கிரேடைப் பார்க்காதீர்கள், எங்கே மார்க் போனது என்று பாருங்கள். கூட்டல் கழித்தல் பிழையில் போனால் சரி செய்துவிடலாம். இயற்கணிதத்தில் சமன்பாடு அமைக்கவே வரவில்லை, மூன்று தாளிலும் அதே இடம் காலி என்றால் பிளஸ் ஒன் கணிதத்தில் திணறுவான். அப்போது காமர்ஸ், ஹியூமானிட்டீஸ், டிப்ளமோ பக்கம் இப்போதே பேச ஆரம்பிக்கலாம். சி.ஏ. படிக்கக் காமர்ஸ் குரூப் கட்டாயமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மாற்றுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால் அது மொழி. கேரளத்தில் பிளஸ் ஒன் அறிவியல் புத்தகம் ஆங்கிலத்தில், வகுப்பில் விளக்கம் பெரும்பாலும் மலையாளத்தில். தமிழில் பத்து வருஷம் படித்த பிள்ளைக்கு முதல் ஓணம் வரை ஒன்றுமே ஓடாது. புத்திசாலிப் பையன் சட்டென்று பின்வரிசைக்குப் போவது அப்போதுதான், வீட்டில் ‘சேர்க்கை சரியில்லை’ என்பார்கள். ஒன்பதாவது முடிந்த கோடை விடுமுறையிலேயே ஒரு நோட்டை இரண்டு பத்தியாகப் பிரித்து, தமிழ்ச் சொல்லுக்கு எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதச் சொல்லுங்கள்: முடுக்கம், ஆக்ஸிலரேஷன், உந்தம், மொமெண்டம், வினையூக்கி, கேட்டலிஸ்ட். பாடத்துக்கு நூற்றைம்பது சொல் போதும். பத்தாம் வகுப்பு இயற்பியல், வேதியியலின் ஆங்கில வழிப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், தெரிந்த பாடத்தையே அதில் ஒருமுறை படிக்க வேண்டும். மலையாளம் பேச வருகிற பிள்ளைக்கு வாசிக்க வராமல் இருக்கலாம், அதையும் சோதித்துப் பாருங்கள். இதெல்லாம் ஆகாது, தமிழ் வழியிலேயே தொடரட்டும் என்றால் பொள்ளாச்சி நல்ல முடிவுதான். மாற்றுச் சான்றிதழோடு மைக்ரேஷன் சான்றிதழும் கேட்பார்கள். கேரள எஸ்.எஸ்.எல்.சி.யில் மதிப்பெண் கிடையாது, கிரேடு மட்டும். எந்த கிரேடுக்கு எந்த குரூப் தருவார்கள் என்று அந்தப் பள்ளியில் முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

கேரளத்திலேயே தொடர்ந்தால் ஏகஜாலகம், அதாவது பிளஸ் ஒன்னுக்கான ஒற்றைச் சாளர ஆன்லைன் சேர்க்கை. இதில் இடம் போவது மார்க் குறைவதால் மட்டும் இல்லை, விதி தெரியாததாலும்தான். ஆப்ஷன்களை விருப்ப வரிசையில் போட வேண்டும், ‘கிடைக்கும்’ என்று தோன்றுவதை மேலே போட்டால் அதுவே கிடைத்து, கீழே இருப்பதெல்லாம் தானாக ரத்தாகும். முதல் ஆப்ஷன் கிடைத்தால் கட்டணம் கட்டி நிரந்தரமாகச் சேர்ந்தே ஆக வேண்டும். கீழ் ஆப்ஷன் கிடைத்தால் தற்காலிகமாகச் சேர்ந்து அடுத்த அலாட்மெண்டுக்குக் காத்திருக்கலாம். ‘இது வேண்டாம், அடுத்தது வரட்டும்’ என்று பள்ளிக்கே போகாமல் இருந்தால் வரிசையிலிருந்தே வெளியே போய்விடுவான். இந்த ஒரு தவறு ஒவ்வொரு ஜூனிலும் நடக்கிறது. எய்டட் பள்ளியின் மேனேஜ்மெண்ட், கம்யூனிட்டி கோட்டாவுக்குத் தனி விண்ணப்பம். இரண்டாம் மொழி தமிழ் எல்லாப் பள்ளியிலும் இருக்காது, ஆப்ஷன் போடுமுன் பாருங்கள். ட்ரையல் அலாட்மெண்ட் வரும் நாளில் விண்ணப்பத்தை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள், திருத்துவதற்குத்தான் அது. சொந்தப் பஞ்சாயத்து, தாலுகா, படித்த பள்ளி ஆகியவற்றுக்குப் போனஸ் புள்ளி உண்டு. லிட்டில் கைட்ஸ் என்னும் பள்ளி ஐ.டி. கிளப்புக்கும் உண்டு, ஆனால் அதில் எட்டாவதிலேயே சேர்ந்திருக்க வேண்டும்.

டாக்டர் ஆசை இருந்தால் இரண்டு விஷயம். நீட் எழுதினால் மட்டும் கேரள எம்.பி.பி.எஸ். தரவரிசையில் பெயர் வராது. கீம் விண்ணப்பத்திலும் மெடிக்கலைத் தேர்ந்திருக்க வேண்டும், அது நீட் ரிசல்டுக்கு வெகு முன்பே வருகிறது. நீட் வினாத்தாள் தமிழில் வேண்டும் என்று கொடுத்தால் தேர்வு மையம் தமிழ்நாட்டுப் பக்கம்தான் விழும், பாலக்காட்டில் விழாது. கோயம்புத்தூர் பக்கம்தானே என்று சரி சொல்லலாம், ஆனால் தெரிந்து சொல்லுங்கள்.

பெயர் விஷயத்தைப் பத்தாவது தொடங்கியதும் முடித்துவிடுங்கள். மாணவர் விவரங்களுக்கான ‘சம்பூர்ணா’ இணையதளத்தில் பள்ளி ஏற்றியிருப்பதுதான் எஸ்.எஸ்.எல்.சி.யில் அச்சாகும். நம் வீடுகளில் இனிஷியல் முன்னாலா பின்னாலா, அப்பா பெயர் முழுசாகவா ஒற்றை எழுத்தா என்று ஆதாரில் ஒரு விதம், ரேஷன் கார்டில் ஒரு விதம் இருக்கும். அச்சாகிவிட்டால் திருவனந்தபுரத்தில் தேர்வுத் துறை அலுவலகமான பரீட்சை பவன் வரை போக வேண்டிய வேலை, முன்னால் என்றால் வகுப்பாசிரியரிடம் ஒரு மனு போதும்.

பிளஸ் ஒன்னே வேண்டாம் என்றாலும் மோசம் இல்லை. டிப்ளமோ மூன்று வருஷம், முடித்துவிட்டு பி.டெக். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பாலக்காடு அரசு பாலிடெக்னிக் கொடும்பில், பொள்ளாச்சியில் நாச்சிமுத்து பாலிடெக்னிக். ஐ.டி.ஐ. என்றால் மலம்புழாவில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருஷம், வெல்டர் ஒரு வருஷம். தனியார் ஐ.டி.ஐ. என்றால் உங்கள் டிரேடுக்கு என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்துக்கு இருந்து அந்த டிரேடுக்கு இல்லாமல் இருப்பது உண்டு. அது இல்லாத சான்றிதழோடு ரயில்வேக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் போனால் தகுதியிலேயே தட்டுவார்கள். கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருப்பதால் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு அலைய வேண்டியதில்லை.

தமிழ் வழியில் படித்ததே தகுதியாகும் இடங்களும் உண்டு. கேரள பி.எஸ்.சி. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களுக்குத் தமிழ் வழி எல்.பி. (கீழ்நிலைத் தொடக்க) பள்ளி ஆசிரியர் பணிக்குத் தனியாக அறிவிப்பு விடுகிறது. பிளஸ் டூவுக்குப் பிறகு டி.எல்.எட். என்னும் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ, பிறகு கே-டெட் என்னும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு. போட்டியிடுபவர்கள் குறைவு, அறிவிப்பு வருவதும் குறைவு, அதனால் கூடவே ஒரு பட்டம் இருக்கட்டும். தமிழிலேயே மேலே படிக்க ஆசைப்பட்டால் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு வேலையில் தமிழ் வழிக்கான 20 சதவீத முன்னுரிமை, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்கான கல்வித் தகுதி வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்தவருக்கு. பிளஸ் ஒன் ஆங்கில வழிக்குப் போனால் பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் பணிகளுக்கு அது அறுந்துவிடும்.

உங்கள் பள்ளியின் கரியர் கைடன்ஸ் ஆசிரியர் கேரளப் படிப்புகளைப் பற்றிச் சொல்வதை நம்பலாம். தமிழ்நாட்டு விதிகளை அவரிடம் கேட்காதீர்கள், அதற்குத் தமிழ்நாட்டுக் கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது. அங்கே பேசும்போது ‘கேரளத்தில் படித்த பிள்ளை’ என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளூர்ப் பிள்ளைக்கான பதிலைத்தான் சொல்வார்கள்.