கரோனியில நின்ன அந்தச் சாம்பல் பறவை

அண்ணே, கரீபியன் தீவு ட்ரினிடாட்ல, கரோனி சதுப்புல நீங்க எடுத்த போட்டோ பாத்தேன். சிவப்புப் பறவைக் கூட்டத்துக்கு நடுவுல சாம்பலா சிலது, வெள்ளையா சிலது நிக்குதே, எல்லாம் ஒரே ஜாதியா? அப்புறம் கரோனியை ஒரு இடத்துல ஆறுங்கிறீங்க, இன்னொரு இடத்துல உப்புத்தண்ணிங்கிறீங்க, குழப்பமா இருக்கு.
சரவணன், ஈரோடு

தம்பி சரவணா,

வெள்ளையா இருக்கிறது கொக்கு, ராத்தங்க வந்தது. சாம்பல் மட்டும்தான் வீட்டுப் பிள்ளை, சிவப்போட அதே ஜாதி. அந்தச் சிவப்புப் பறவை பேரு செவ்வரிவாள் மூக்கன், அது குஞ்சுல சிவப்பாவே இருக்காது, சேத்துல மூக்கை விட்டு நண்டு, இறால்னு தின்னத் தின்ன அதுல இருக்கிற கரோட்டினாய்டுங்கிற கலர்ச்சத்து இறகுல ஏறி, முழுசா செவக்க ரெண்டு வருஷம் கிட்ட ஆயிடும். ஜூல அடைச்சு வச்சு வெறும் தீனி போட்டா வெளுத்துடும், அதனால தீனியிலயே கலர்ச்சத்து கலக்குறாங்க.

ரெண்டாவது கேள்விக்கும் பதில் அந்தச் சேறுதான். கரோனி ஆறு வடக்கு மலையில கிளம்பி சுமார் 40 கிமீ ஓடி மேற்கே பாரியா வளைகுடால கலக்குது, ஆனா ஒரே வாயா கலக்காம சதுப்புக்குள்ள வாய்க்கா வாய்க்காவா பிரிஞ்சு போறதால ஏத்தத்துக்கு கடல் உள்ள வரும், வத்தத்துக்கு ஆறு வெளிய போகும், மழை இல்லாத ஜனவரி-மே மாசங்கள்ல உப்பு கை ஓங்கிடும். அப்ப ஆறா கடலான்னு கேட்டா ரெண்டும்தான். 1920கள்ல நெல்லு போடலாம்னு கரை கட்டி வடிக்கப் பாத்தாங்க, சரிப்பட்டு வரல. சுரபுன்னைங்கிற சதுப்பு மரம் முட்டு வேரு ஊனி நிக்குற இடம், அதுல நண்டு ஏறுது, அந்த நண்டுதான் மேல சொன்ன சிவப்பு.

படகுல போகும்போது தலைக்கு மேல கிளையில சும்மாடு சுருட்டி வச்ச மாதிரி ஒண்ணு இருந்துச்சு, படகுக்காரர் சொன்னப்புறம்தான் அது பாம்புன்னே தெரிஞ்சுது, மரத்துல வாழுற போவா. அதுக்கப்புறம் நான் மேல பாக்கவே இல்ல, அது வேற கதை.

செவ்வரிவாள் மூக்கனை ட்ரினிடாட்டோட தேசியப் பறவைன்னு சின்னத்துல போட்டு வச்சிக்கிட்டே திருட்டுத்தனமா கறிக்கும் சுட்டிருக்காங்க. 2018ல சட்டத்தை இறுக்கினப்புறம் மாட்டினா ஒரு லட்சம் ட்ரினிடாட் டாலர் வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்.

அந்த போட்டோவை ஜூம் பண்ணிப் பாரு, வலது பக்கம் ரெண்டாவது கிளையில நிக்கிற சாம்பலுக்கு முதுகுல லேசா ரோஸ் ஏறியிருக்கும்.