காசநோய் ஆய்வில் வரலாற்று மாணவருக்கு என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

முதுகலை வரலாறு முடிக்கப்போகிறேன். சென்னையில் நடந்த காசநோய் ஆய்வுகளின் வரலாற்றை முனைவர் பட்டத்துக்கு எடுக்க ஆசை. பொது சுகாதாரத் துறையில் வேலை பார்க்கும் அண்ணன், "அது டாக்டர்கள் எப்போதோ முடித்துவைத்த விஷயம். உனக்கு அங்கே என்ன வேலை?" என்கிறார். என்ன பதில் சொல்வது?

ம.

அன்புள்ள ம.,

அது முடிந்துபோன விஷயமே இல்லை. தயங்காமல் எடுங்கள்.

ஒரு காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. அதற்காகவே ஊருக்கு வெளியே சானடோரியங்கள் கட்டினார்கள். 1928-ல் தாம்பரத்தில் டாக்டர் சௌரிமுத்து தொடங்கியதும் அப்படி ஒன்றுதான். ரயில் நிலையத்தின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. மருந்துகள் வந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ சொற்பம். இத்தனை பேரை எங்கே படுக்கவைப்பது?

1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம், பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் போதுமா என்று நேரடியாகச் சோதித்தது. நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. நல்ல உணவும் முழு ஓய்வும் கிடைத்தன. மறுபாதி நெருக்கடியான வீடுகளிலேயே அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தது. மருந்து இருவருக்கும் ஒன்றே: ஐசோநியாசிட், பி.ஏ.எஸ். வீட்டில் இருப்பவர்கள் உண்மையிலேயே விழுங்குகிறார்களா என்று பார்க்க, ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள்.

1959-ல் முடிவுகள் வெளிவந்தன. ஒரு வருடத்தில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டிலிருந்த நோயாளிகளால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதும் பின்தொடர்ந்து பார்த்ததில் தெரிந்தது. இந்த ஆய்வின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பிள்ளைகளை விட்டுவிட்டு மாதக்கணக்கில் எங்கோ போய்ப் படுக்க வேண்டியதில்லை என்று உலகத்து ஏழைகளுக்குச் சொன்ன ஆய்வு அது.

ஆனால் அது கேட்ட கேள்வி, நோய் வந்தவர் ஒழுங்காக மருந்து எடுத்தால் வீட்டிலேயே குணமாவாரா என்பது. இவர்களுக்கு ஏன் நோய் வந்தது, அதே வீட்டில் பசியோடு இருக்கும் அடுத்தவருக்கு வருமா வராதா என்பதில் சாப்பாட்டுக்கு என்ன பங்கு என்று அது கேட்கவில்லை. நாளடைவில் அந்த வேறுபாடு மங்கி, மருந்து இருந்தால் போதும், சாப்பாடு இரண்டாம்பட்சம் என்கிற எண்ணம் வேரூன்றிவிட்டது என்பது என் கணிப்பு. நோயாளிகளின் உணவுக்காக மாதாமாதம் பணம் தரும் மத்திய அரசுத் திட்டம் 2018-ல்தான் வந்தது, அப்போது மாதம் 500 ரூபாய்.

அப்புறம் 2023-ல் ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்ததில், அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. அதில் பங்கேற்றவர்களில், சென்னை மையத்தின் இன்றைய வடிவமான சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் உண்டு. ஒரு கேள்வி திரும்ப மேசைக்கு வர அறுபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நடுவில் என்ன நடந்தது? 86, 92 என்ற இரண்டு எண்கள் அறிக்கையிலிருந்து கொள்கைக்குப் போகும் வழியில் என்னவாயின, யார் எப்படிப் படித்தார்கள், எந்த வாக்கியம் உதிர்ந்தது? இதை ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்க முடியாது. கோப்புகளையும் கமிட்டி அறிக்கைகளையும் தேதிவாரியாக அடுக்கிப் படிப்பவர்தான் சொல்ல முடியும். அது உங்கள் வேலை.

முதலில் 1959 கட்டுரையை முழுசாகப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது, இணையத்தில் இலவசம். உணவைப் பற்றி மட்டும் 1961-ல் வந்த தனிக் கட்டுரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். கொஞ்சம் புள்ளியியலும் கற்றாக வேண்டும், அதிலிருந்து தப்ப முடியாது. அட்டவணைகள் புரியாத இடத்தில் அண்ணனையே கேளுங்கள்.