நான்காவது ஞாயிறு, காட்பாடி

அன்புள்ள ஐயா,

ராணிப்பேட்டையில் ஒரு தோல் நிறுவனத்தில் டேட்டாபேஸ் பார்த்துக்கொள்கிறேன். பெயருக்கு டிபிஏ, பிரிண்டர் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டேட்டாபேஸ்காரர்களுக்கான கூட்டங்கள் எல்லாம் சென்னையிலோ பெங்களூரிலோதான் நடக்கின்றன. வேலூரிலேயே ஒன்று தொடங்கலாமா என்று நாலைந்து பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்களில் யாரும் நிபுணர் இல்லை. பெங்களூரிலிருந்து யாராவது வந்து பேசினால்தான் ஆள் சேரும் என்கிறார்கள் நண்பர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச., ராணிப்பேட்டை

அன்புள்ள ச.,

தொடங்குங்கள். முதல் வருடம் பெங்களூர் ஆள் வேண்டாம். புது வெர்ஷனில் என்னென்ன வந்திருக்கிறது என்று அவர் ஸ்லைடு போடுவார். உங்கள் ஆபீஸில் ஓடுவதோ அரதப்பழசு. கைதட்டிவிட்டுக் கலைவீர்கள்.

பேச வேண்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வேலூர் ஆஸ்பத்திரிகளுக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். ஒரே பெயர் கவுண்டருக்குக் கவுண்டர் வேறு ஸ்பெல்லிங்கில் பதிவாகும். நம்மூர்க்காரருக்கு இனிஷியல் ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால். கடைசியில் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு: எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு ஒன்றில், இன்றைய மருந்துச் சீட்டு இன்னொன்றில். இவற்றைக் கண்டுபிடித்து இணைக்கும் வித்தை அந்தப் பதிவுகளோடு தினமும் மல்லுக்கட்டுபவருக்குத்தான் தெரியும். அவரைப் பேச வையுங்கள்.

சின்ன விஷயங்களையும் விடாதீர்கள். மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரில் தமிழ்ப் பெயரை ஏற்றினால் வரிசையாகக் கேள்விக்குறி வரும். ஃபீல்டை எம்மொழி எழுத்தையும் ஏற்கும் என்வார்சார் வகையாக ஆக்கிய பிறகும் வரும், டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளையான குவெரியில் அந்தப் பெயருக்கு முன்னால் ‘என்’ என்ற எழுத்தைப் போடாவிட்டால். தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை. தெரியாதவருக்கு இரண்டு நாள் தூக்கம் போகும்.

எல்லாவற்றையும்விட, உடைந்த கதைகளைச் சொல்லச் சொல்லுங்கள். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்களின் கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், வேறு சர்வர் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த முதன்மை டேட்டாபேஸின் டைரக்டரியையே அழித்தார். பேக்கப்பைத் தேடினால், பேக்கப் மென்பொருளின் வெர்ஷன் டேட்டாபேஸோடு பொருந்தாததால் அது எடுக்கப்படவே இல்லை. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச்சேரவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதியிலிருந்து மீட்டார்கள். சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். ஆனால் எதையும் மறைக்கவில்லை. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், பிறகு நடந்ததை வரி வரியாக எழுதி வெளியிட்டார்கள்.

நம்மூரில் அப்படிச் சொன்னால் வேலை போகும். ஆகவே கூட்டத்தில் நிறுவனத்தின் பெயர் வரக் கூடாது, உண்மைத் தரவு திரையில் வரக் கூடாது. இதில் கறாராக இருங்கள். நோயாளி பெயரோடு ஒரு ஸ்கிரீன்ஷாட் வாட்ஸப்பில் சுற்றினால் உங்கள் கூட்டம் அன்றோடு சரி.

சங்கம், தலைவர், பொருளாளர் எல்லாம் வேண்டாம். எஸ்க்யூஎல் சர்வர்காரர்களுக்காக 1999-ல் தொடங்கிய பாஸ் அமைப்பு, வருடாந்திர மாநாட்டு வருமானத்தை நம்பியிருந்து, கொரோனாவில் நொடித்து 2021 ஜனவரியில் மூடப்பட்டது. 2007-ல் ஆர்லாண்டோவில் தொடங்கிய எஸ்க்யூஎல் சாட்டர்டே என்ற ஒருநாள் கூட்டம் அதற்குப் பிறகும் நடக்கிறது. அதற்குத் தேவை ஒரு சனிக்கிழமையும் ஓர் இடமும் பேச மனமுள்ள உள்ளூர்க்காரர்களும்தான். கல்லூரி அரங்கம் கிடைத்தால் நல்லது. கூடவே குத்துவிளக்கும் பொன்னாடையும் வரும், ஒரு மணி நேரம் காலி, பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் காட்பாடி ஸ்டேஷன் பக்கம் இருக்கட்டும். அரக்கோணம், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் ரயிலிலேயே வந்துவிடலாம். நாள், நான்காவது ஞாயிறு. 20-ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கல் முடிந்திருக்கும், மாதக் கடைசி நெருக்கடி தொடங்கியிருக்காது.

முதல் கூட்டத்துக்கு எல்லாரும் லேப்டாப் கொண்டுவரட்டும். பொய்த் தரவு உள்ள ஒரு பேக்கப்பைப் பென் டிரைவில் கொடுத்து, ரீஸ்டோர் செய்யச் சொல்லுங்கள். தினமும் பேக்கப் எடுப்பவர்களில் எத்தனை பேர் அதை ஒருமுறையாவது திருப்பி ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

தேதி முடிவானதும் சொல்லுங்கள், நானும் வருகிறேன். மே மாதம் மட்டும் வைக்காதீர்கள், வேலூர் வெயிலில் ஈ காக்கை வராது.