தலைய வெட்டாம கீத்துப் போட்டது எப்படி? – மேலூர் வாசகருக்கு ஒரு பதில்

அண்ணே வணக்கம்,

மேலூர் பக்கம் நம்ம ஊரு. போன வாரம் அப்பா மொபெட்ல வரும்போது நாய் குறுக்க பாஞ்சு விழுந்துட்டாரு, தலையில அடி. மதுரைக்கு தூக்கிட்டு வந்து சிடி ஸ்கேன் எடுத்தோம், உள்ள ரத்தக்கசிவு இல்லைன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சே வந்துச்சு. எக்ஸ்ரேன்னா நிழல்தானே அண்ணே, அதை வச்சு தலைய பூசணிக்கா கீத்து மாதிரி எப்படி துண்டு துண்டா படம் எடுக்குறாங்க? நாப்பது வருசமா காதுல கெடந்த கடுக்கனை சோப்பு போட்டு கழட்டவச்சாங்க. நடுவுல தலைய ஆட்டிட்டாருன்னு மறுபடி எடுத்தாங்க. பிலிம்ல அதே மூளைய ரெண்டு தினுசா போட்டிருக்காங்க, ஒண்ணுல எலும்பு மட்டும் தெரியுது. கூட கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குற ஒரு சிடி தட்டும் குடுத்தாங்க. இதெல்லாம் ஏன்னு உங்களால சொல்ல முடியுமா?

– ஒரு வாசகர்

தம்பி,

அப்பா நல்லா இருக்காருங்கிறதுல ரொம்ப சந்தோசம். உங்க கேள்விய ரெண்டு நாளா மனசுலயே வச்சிருந்தேன், ஏன்னா எங்க அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தப்ப கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு நானும் இதையேதான் யோசிச்சேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், சிடி ஸ்கேன்ல போட்டோ எடுக்குறதே இல்ல. அந்தப் படம் ஒரு கணக்கோட விடை. இது பிடிபட்டா நீங்க கேட்ட எல்லாத்துக்கும் பதில் வந்துரும்.

மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்துல நில்லுங்க, உள்ள 985 தூண் இருக்கு. ஒரு எடத்துல நின்னா முன்னாடி தூண் பின்னாடி தூணை மறைச்சிரும், ரெண்டு அடி தள்ளி நின்னா மறைஞ்சது வெளிய வரும். சாதா எக்ஸ்ரே ஒரே எடத்துல நின்னு பாக்குறது, மண்டையோடும் மூளையும் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்துரும், மூளை கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. சிடி சுத்தி வந்து பாக்குது. அந்த உளுந்தவடை மாதிரி வளையத்துக்குள்ள ஒரு பக்கம் எக்ஸ்ரே குழாய், எதிர்ப்பக்கம் நூத்துக்கணக்கான உணர்விகள் (சென்சார்), ரெண்டும் சேந்து ஒரு செகண்டுக்குள்ள ஒரு சுத்து சுத்திரும், அந்த ஒரு சுத்துக்குள்ளயே ஆயிரம் கோணத்துக்குப் பக்கமா அளவு எடுத்துரும்.

அளக்குறது என்னன்னா, இந்தப் பக்கம் இவ்வளவு அனுப்பினோம், அந்தப் பக்கம் எவ்வளவு வந்து சேந்துச்சுங்கிறது மட்டும்தான். நடுவுல எந்த எடத்துல எவ்வளவு முழுங்குச்சுன்னு அதுக்குத் தெரியாது, மொத்தம்தான் தெரியும். இந்த எக்ஸ்ரேல பாதிய முழுங்க சுமாரா மூணரை சென்டிமீட்டர் தண்ணி போதும், அடுத்த மூணரை மிச்சத்துல பாதிய முழுங்கும், அதனால நேரா கூட்ட முடியாது, பள்ளிக்கூடத்துல லாக் டேபிள் புக்கைப் பொரட்டினோமே, அந்த லாக் போட்டதும் பெருக்கலெல்லாம் கூட்டலா மாறிரும். இப்ப ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கூட்டுத்தொகை கையில இருக்கு.

வீட்டுல பிள்ளைங்கள வச்சு செஞ்சு பாருங்க. நாலு கொட்டாங்குச்சிய ரெண்டுக்கு ரெண்டா கவுத்து வச்சு அடியில புளியங்கொட்டை ஒளிச்சு வைங்க. மேல் வரிசையில மொத்தம் 5, கீழ் வரிசையில 5, இடது பக்கம் மேலயும் கீழயும் சேத்து 6, வலது பக்கம் 4. எதுல எத்தனை? இவ்வளவு சொன்னாலும் கண்டுபிடிக்க முடியாது, மேல 1, 4 கீழ 5, 0 ன்னு வச்சாலும் சரியா வரும், மேல 2, 3 கீழ 4, 1 ன்னு வச்சாலும் சரியா வரும். இப்ப குறுக்க ஒரு பார்வை, இடது மேலயும் வலது கீழயும் சேத்து 3 ன்னு சொல்லுங்க, உடனே ரெண்டாவது விடை ஒண்ணுதான் மிஞ்சும். ஒரு கொட்டாங்குச்சியக்கூட தூக்கல, உள்ள இருக்கிறது தெரிஞ்சுபோச்சு! தலைய வெட்டாம உள்ள பாத்ததும் இதேதான், இப்ப உள்ள மிஷின்ல ஒரு கீத்துக்கு 512க்கு 512, அதாவது ரெண்டரை லட்சத்துக்கு மேல கொட்டாங்குச்சி, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் மிஷினைக் கட்டின காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் இங்கிலாந்துல இசைத்தட்டு போடுற ஈஎம்ஐ கம்பெனியோட ஆராய்ச்சிக்கூடத்துல எஞ்சினியர். ஆய்வுக்கூடத்துல முதல் சோதனைக்கு அளவு எடுக்கவே அவருக்கு 9 நாள் ஆச்சு. 1971 அக்டோபர் 1 அன்னைக்கு லண்டன்ல ஒரு பெண்ணோட மூளையப் பாத்தாங்க, ஒரு கீத்துக்கு 28,800 அளவு, 80க்கு 80 கட்டம். தென்னாப்பிரிக்காவுல பொறந்த ஆலன் கார்மாக் இந்தக் கணக்கை 1963லயே தனியா போட்டு வெளியிட்டிருந்தாரு, ரெண்டு பேருக்கும் சேத்து 1979ல நோபல் பரிசு. இவங்க எல்லாருக்கும் முன்னாடி 1917லயே யோகான் ராடான்ங்கிறவர் வெறும் கணிதமா இதை நிரூபிச்சு வச்சுட்டாரு.

இனிமே சொல்லப்போறது நம்ம பிள்ளைங்களுக்கெல்லாம் தெரியணும்னு எனக்கு ரொம்ப ஆசை. லட்சக்கணக்கான சமன்பாட்டைப் போட்டு அவிழ்க்க நேரம் ஆகும்ல, அதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. ஒவ்வொரு கூட்டுத்தொகையையும் அது வந்த கோட்டு வழியாவே திருப்பி பூசிட்டு வரணும். வாசல்ல ஒரு புள்ளி வழியா எல்லாப் பக்கத்துல இருந்தும் கோலமாவால கோடு இழுத்துப் பாருங்க, கோடெல்லாம் சேர்ற நடுப்புள்ளியில மாவு குவிஞ்சிரும். ஆனா சுத்தியும் மாவு படிஞ்சு புள்ளி மங்கலாத்தான் தெரியும். அதனால பூசுறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு கோட்டுக்கும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் கழிச்சு வச்சிரணும், அப்ப சுத்தி இருக்கிற வேண்டாத மாவு ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு போயிரும், புள்ளி பளிச்சுன்னு நிக்கும். இந்தக் கழித்தலை எளிமையா, வேகமா எப்படிப் போடுறதுன்னு 1971ல எழுதிக் காட்டினது ஜி.என்.ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும். ராமச்சந்திரன் பல வருசம் சென்னைப் பல்கலைக்கழகத்துல இயற்பியல் பேராசிரியர், நம்ம தோல், எலும்புல இருக்கிற கொலாஜன் புரதத்தோட முறுக்கின வடிவத்தை கண்டுபிடிச்சவரும் அவர்தான். ரெண்டு பேர் பேரையும் சேத்து அந்தக் கழித்தல் 'ராம்-லக்'னு இன்னைக்கும் உலகம் பூரா பாடத்துல வருது. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு கண்ணு கலங்கிருச்சு தம்பி.

இப்ப உங்க கடுக்கனுக்கு வர்றேன். தங்கம் எக்ஸ்ரேயை கிட்டத்தட்ட முழுசா முழுங்கிரும், அந்தக் கோட்டுல அந்தப் பக்கம் ஒண்ணுமே வந்து சேராது, வராததுக்கு லாக் எடுத்தா கணக்கு நாசம். அந்தத் தப்பை எல்லாக் கோட்டு வழியாவும் திருப்பி பூசும்போது காதுல இருந்து மூளைக்கு குறுக்க வெள்ளையும் கருப்புமா கோடு கோடா ஓடும். தலைய ஆட்டினாலும் இதே கதைதான், பாதி அளவு எடுத்த பிறகு ஒருத்தன் புளியங்கொட்டைய இடம் மாத்தி வச்சுட்டா கூட்டுத்தொகை ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாதுல்ல. அதனால மறுபடி எடுத்ததுல அந்த டெக்னீசியனைக் கோவிச்சுக்காதீங்க.

ரெண்டு தினுசுப் படம் ரெண்டு தடவை எடுத்ததுனால வந்தது இல்ல. கணக்குல ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைக்கிறது ஒரு நம்பர், அதுக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் பேரையே வச்சிருக்காங்க. தண்ணிக்கு 0, காத்துக்கு மைனஸ் 1000, கெட்டியான எலும்பு 1000ஐத் தொடும், மூளை 30, 40ன்னு நிக்கும், புதுசா உறைஞ்ச ரத்தம் 60, 70 வரைக்கும் போகும். அந்த 30 புள்ளி வித்தியாசத்துலதான் டாக்டர் உங்க அப்பாவுக்கு கசிவு இல்லைன்னு சொன்னாரு! ஆயிரக்கணக்கான நம்பரையும் ஒரே கருப்பு வெள்ளையில பரத்தினா நம்ம கண்ணுக்கு அந்த 30 தெரியாது, அதனால 0ல இருந்து 80 வரைக்கும் மட்டும் விரிச்சு ஒரு படம், எலும்புல விரிசல் பாக்க தனியா இன்னொரு படம்.

பிலிம்ல இருக்கிறது அப்படிப் பொறுக்கி எடுத்தது மட்டும்தான், நம்பர் எல்லாம் அந்த சிடி தட்டுல இருக்கு, வீட்டுல பத்திரமா வைங்க. இன்னொண்ணும் சொல்லணும், பயமுறுத்த இல்ல. வயசானவங்களுக்கு தலையில அடிபட்டா அன்னைக்கு ஸ்கேன் சுத்தமா இருந்தாலும் அபூர்வமா மண்டையோட்டுக்கு உள்பக்கம் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமா சேரும், ரெண்டு மூணு வாரம் கழிச்சுக்கூட தெரியவரலாம். அப்பாவுக்கு விடாம தலைவலி, வாந்தி, நடையில தள்ளாட்டம், பேச்சுல குழப்பம், எது வந்தாலும் காத்திருக்காம கூட்டிட்டு ஓடுங்க, அந்தத் தட்டையும் கையில எடுத்துட்டுப் போங்க. பழைய நம்பரை புதுசோட வச்சுப் பாப்பாங்க.