இறுகிய மண்ணில் குழாய்ப் பள்ளம்: எந்தக் கருவி?

20 மீட்டர் நீளம், 2 அடி ஆழம், மண்வெட்டி இறங்கவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மண்வெட்டி மண்ணை இழுத்து அள்ளத்தான். இறுகிய மண்ணைப் பிளக்கக் கடப்பாரையும் பிக்காசும் வேண்டும். முந்தின இரவே தடத்தில் தண்ணீர் விட்டு ஊற வையுங்கள், வேலை நன்றாகக் குறையும்.

மின்கம்பி புதைந்திருக்கலாம் என்றீர்களே, எனக்கு அதுதான் கவலை. கடப்பாரை முழுக்க இரும்பு, கம்பியில் பட்டால் ஷாக் நேரே கைக்கு வரும். மெயின் சுவிட்சை அணைத்தாலும், வெளியிலிருந்து மீட்டருக்கு வரும் கம்பியில் மின்சாரம் இருக்கும். மின்வாரியத்தில் கேட்டு, கம்பி போகும் தடம் எது என்று தெரியும்வரை தோண்ட ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம், அள்ளிய மண்ணை விளிம்பிலிருந்து 2 அடி தள்ளிக் கொட்டுங்கள். பிக்காசு வீசும்போது அருகில் யாரும் நிற்கக் கூடாது. பிடி ஆடினால் முதலில் ஆப்பு அடித்து இறுக்குங்கள்.