கீழே எச்சரிக்கை, மேலே பில்டப்

கேள்வி: கொலை, கொள்ளை, ஆள்கடத்தல் எல்லாவற்றையும் சினிமாவில் விலாவாரியாகக் காட்டுகிறார்கள். அதற்கெல்லாம் எச்சரிக்கை கிடையாது. ஒருவன் சிகரெட் பற்றவைத்தால் மட்டும் உடனே கீழே ஒரு வரி ஓடுகிறது. படம் தொடங்கும்போது ஒரு விளம்பரம், நடுவில் இன்னொன்று. இது படைப்புச் சுதந்திரத்தில் கைவைப்பது இல்லையா? இதைப் பார்த்து யாராவது சிகரெட்டை விட்டிருக்கிறார்களா? அவ்வளவு அக்கறை இருந்தால் அந்தக் காட்சிகளை ஒரேயடியாகத் தடை செய்துவிட வேண்டியதுதானே?

- ஒரு வாசகர், திருச்சி

பதில்: கொலையையும் சிகரெட்டையும் ஒரே தட்டில் வைக்கும் வாதம் ரொம்ப நாளாகச் சுற்றி வருகிறது, சொல்லும் இடத்திலெல்லாம் கைதட்டலும் வாங்குகிறது. ஆனால் பத்துக் கொலையைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவருக்கு, தியேட்டர் எதிரே உள்ள பெட்டிக்கடையில் கொலை சில்லறைக்குக் கிடைப்பதில்லை. சிகரெட் கிடைக்கும். பாக்கெட்டாகக்கூட வாங்க வேண்டாம், ஒன்று போதும். பற்றவைக்க நெருப்பும் கடைக்காரர் உபயம். கொலை பெருகினால் லாபம் பார்க்கும் கம்பெனி எதுவும் பங்குச் சந்தையில் இல்லை. சிகரெட் விற்றால் லாபம் பார்க்கும் கம்பெனி இருக்கிறது, அதில் அரசின் எல்.ஐ.சி.யே கணிசமான பங்கு வைத்திருக்கிறது. (இதைப் பற்றியும் யாராவது ஒரு கேள்வி அனுப்பலாம்.)

படைப்புச் சுதந்திரம் என்கிறீர்கள். சரி, அது திரையில் எப்படி நடந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். ஓர் அமெரிக்கப் புகையிலை நிறுவனத்தின் சிகரெட்டைக் குறைந்தது ஐந்து படங்களில் பயன்படுத்துகிறேன், அதற்கு 5 லட்சம் டாலர் என்று ஹாலிவுட் நடிகர் சில்வெஸ்டர் ஸ்டாலோன் 1983இல் அந்த நிறுவனத்தின் ஏஜெண்டுக்கு எழுதிய கடிதம் பின்னாளில் வெளிவந்தது. 1989இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தன் சிகரெட் இடம்பெற ஃபிலிப் மோரிஸ் 3.5 லட்சம் டாலர் கொடுத்தது. ஹீரோ விரலிடுக்கில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கதையை விடக் கல்லாப்பெட்டி நன்றாக முடிவு செய்திருக்கிறது. 1998இல் அமெரிக்க மாநிலங்கள் புகையிலைக் கம்பெனிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில்தான் இப்படிக் காசு கொடுத்துப் படத்தில் நுழைவது தடுக்கப்பட்டது. அதுவரை சுதந்திரம் பறிபோனதாக எந்த இயக்குநரும் தெருவில் இறங்கவில்லை.

இனி நம் ஊர்க் கதை. 2003இல் புகையிலை விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் வந்தது. விளம்பரப் பலகைகள் போயின, சினிமா மட்டும் விட்டுப்போனது. 2005 மே மாதம், அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி, நீங்கள் கேட்கும் அந்த முழுத் தடையையே கொண்டுவந்தார்: படத்திலும் டி.வி.யிலும் புகைக்கும் காட்சியே கூடாது. இயக்குநர் மகேஷ் பட் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2009 ஜனவரியில் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சரியான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன். ஊரில் நடப்பதைத் திரையில் காட்டக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு பாரிஸில் ஓர் உதாரணம் இருக்கிறது. அதே 2009இல் நகைச்சுவைக் கலைஞர் ஜாக் தாத்தி பற்றிய கண்காட்சிக்குப் போஸ்டர் ஒட்டினார்கள். மனிதர் வாயில் எப்போதும் பைப் இருக்கும். புகையிலைச் சட்டத்துக்குப் பயந்து மெட்ரோ விளம்பரக்காரர்கள் பைப்பை அழித்துவிட்டு அந்த இடத்தில் மஞ்சள் நிறக் காற்றாடி ஒன்றை வைத்தார்கள். பாரிஸே சிரித்தது.

தடை போனதும் வந்ததுதான் 2012 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள இந்த ஏற்பாடு. தொடக்கத்திலும் நடுவிலும் 30 விநாடி விளம்பரம், 20 விநாடி எச்சரிக்கை, புகை தெரியும் நேரமெல்லாம் கீழே ஒரு வரி. பிராண்ட் பெயரை மங்கலாக்க வேண்டும், போஸ்டரில் புகை கூடவே கூடாது. கதைக்கு அந்தக் காட்சி ஏன் தேவை என்பதற்கு வலுவான காரணமும் இருக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கடைசி விதி இருக்கிறதா என்பதே பல படங்களைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது.

நடந்தது என்ன? எச்சரிக்கை வரி ஒரு டோல்கேட் ஆகிவிட்டது. கட்டணத்தைக் கட்டிவிட்டால் அப்புறம் எவ்வளவு வேகமாகப் போனாலும் கேட்பாரில்லை. ஒரு படத்தில் பீடிக் கம்பெனிக் கிழவர் ஒருவர் இருமிக்கொண்டே கடைசிப் பீடியை இழுக்கிறார். கீழே வரி வருகிறது. இன்னொரு படத்தில் ஹீரோ அறிமுகமாகிறார்: முதலில் ஷூ, அப்புறம் லைட்டர் திறக்கும் ஓசை, ஸ்லோமோஷனில் புகை, அதற்குப் பின்னால் முகம், இசை உச்சத்துக்குப் போகிறது, அரங்கம் விசிலடிக்கிறது. அங்கேயும் அதே வரி, அதே அளவு எழுத்து. பள்ளிக்கூடப் பையன் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்? முதல் காட்சிக்கு எச்சரிக்கையே தேவையில்லை, கிழவரே எச்சரிக்கை. இரண்டாவது காட்சியை எந்த வரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத சட்டம் என்பதுதான் என் புகார். அமெரிக்க இயக்குநர் வூடி ஆலன் 2013இல் இந்த எச்சரிக்கை வரிக்குச் சம்மதிக்காமல் தன் படத்தை இந்தியாவில் வெளியிடவே மறுத்தார். நம்மவர்கள் சத்தமில்லாமல் வரியைப் போட்டுவிட்டு பில்டப்பை ஏற்றினார்கள்.

இதைப் பார்த்து யார் விட்டார்கள் என்று கேட்கிறீர்கள். இருபது வருடமாகத் தம் அடிப்பவர் தியேட்டரில் ஒரு நுரையீரல் விளம்பரத்தைப் பார்த்து விட்டுவிடுவார் என்று நானும் நம்பவில்லை. கேள்வி இன்னும் தொடங்காதவனைப் பற்றியது. திரையில் புகைப்பதைப் பார்ப்பதற்கும் சிறுவர்கள் புகைக்கத் தொடங்குவதற்கும் இருப்பது காரண காரியத் தொடர்புதான் என்று 2012இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை தெளிவாகவே சொல்லிவிட்டது.

சிகரெட் இல்லாவிட்டால் ஸ்டைல் போய்விடும் என்பார்கள். சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதைத் தமிழ்நாட்டுக்கே கற்றுக்கொடுத்தவர் ரஜினி. 2002இல் பாபா வந்தபோது பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் அதைக் கடுமையாக எதிர்த்தார். படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதெல்லாம் நடந்தது. அந்த அடாவடியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஐந்து வருடம் கழித்து சிவாஜி வந்தது. அதில் ரஜினி வாய்க்குள் தூக்கிப் போட்டது சூயிங் கம். ஒரு விசில்கூடக் குறையவில்லை.

போஸ்டர் விஷயத்தில் மட்டும் விதிக்குக் கொஞ்சம் பல் இருப்பதுபோல் தெரிந்தது. 2018இல் சர்கார் படத்தின் முதல் போஸ்டரில் விஜய் சிகரெட்டோடு இருந்தார். சுகாதாரத் துறை நோட்டீஸ் அனுப்பியது, தயாரிப்பு நிறுவனம் அந்தப் போஸ்டரை நீக்கியது. ஆனால் 2014இல் வந்த ஒரு தனுஷ் படத்தின் பேனர்கள் தொடர்பான வழக்கை 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. விளம்பரத் தடைப் பிரிவு புகையிலை வியாபாரத்தில் இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும், சினிமாக்காரர்களுக்கு அல்ல என்பது தீர்ப்பின் சாரம். பல் எவ்வளவு கெட்டி என்று தெரிந்துவிட்டது.

பின்னே என்னதான் செய்வது? சான்றிதழில் கைவையுங்கள் என்பேன். உலக சுகாதார நிறுவனமும் புகைக்கும் காட்சி உள்ள படங்களை வயது வந்தோருக்கானவை என்று வகைப்படுத்தத்தான் பரிந்துரைக்கிறது. நம் ஊரில் இது எப்படி வேலை செய்யும் என்பதைப் பார்த்தும் இருக்கிறோம். 2011இல் தமிழக அரசு, 'யு' சான்றிதழ் வாங்கினால்தான் கேளிக்கை வரிவிலக்கு என்று நிபந்தனை போட்டது. உடனே தயாரிப்பாளர்கள் 'யு'வுக்காக சென்சார் வாசலில் தவம் கிடந்தார்கள். அந்தக் காட்சியை எடுத்துவிடுகிறோம், இந்த வசனத்தை மியூட் செய்கிறோம் என்று தாங்களாகவே முன்வந்தார்கள். அப்போது படைப்புச் சுதந்திரத்தின் குரல் அவ்வளவாகக் கேட்கவில்லை.

இப்போது யு/ஏ சான்றிதழே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஹீரோ புகைவிட்டுத்தான் அறிமுகமாக வேண்டுமா, தாராளமாக ஆகட்டும். படத்துக்கு 'ஏ' கொடுங்கள். 'ஏ' படம் டி.வி.யில் வர முடியாது, சாட்டிலைட் உரிமைக் காசு அடிபடும். அந்தச் சிகரெட் கதைக்குத் தேவையா என்பதை அப்புறம் தயாரிப்பாளரே இயக்குநரிடம் கேட்டுக்கொள்வார். பீடிக் கிழவருக்கு 16 போதும். கீழே ஓடும் வரியையும் எடுத்துவிடலாம், அவரை நிம்மதியாக இருமவிடுங்கள்.

ஓ.டி.டி.க்கும் 2023 செப்டம்பர் 1 முதல் இதே எச்சரிக்கை விதிகள் வந்துவிட்டன. அங்கே வயது வரம்பும் உண்டு, குழந்தைகள் பார்க்காமல் பூட்டும் வசதியும் உண்டு. பூட்டைப் போடுவது வீட்டிலிருப்பவர்களின் வேலை. அப்பா பால்கனியில் பற்றவைத்துக்கொண்டு நிற்கிறார் என்றால், அதற்கு சென்சார் போர்டு ஒன்றும் செய்வதற்கில்லை.