நாலு தட்டு, நாலு மௌனம்

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. 'பட்டாபொன்' என்று ஒரு வீடியோ கேமே கதி என்று கிடக்கிறான். ஒற்றைக் கண்ணும் குச்சிக் கைகால்களுமாகக் குட்டிக் குட்டி உருவங்கள். இவன் நாலு பட்டனை மாற்றி மாற்றித் தட்டுகிறான்; அவை கூச்சல் போட்டுக்கொண்டு நடக்கின்றன. கேட்டால் 'இது மியூசிக் கேம்மா' என்கிறான். போன மாதம் மிருதங்க வகுப்பையும் நிறுத்திவிட்டான். இந்தக் கூச்சலில் இசை எங்கே இருக்கிறது?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: நாலு தட்டு தட்டியதும் உங்கள் மகன் கையை எடுத்துவிடுகிறானே, அதைக் கவனித்தீர்களா அம்மா? இசை அங்கேதான் இருக்கிறது.

2007 டிசம்பரில் ஜப்பானில், பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்காக வெளிவந்த விளையாட்டு இது. வடிவமைத்தவர் ஹிரோயுகி கோட்டானி. அந்த ஒற்றைக் கண் உருவங்கள் ரோலிட்டோ என்ற பிரெஞ்சு ஓவியருடையவை. ஆடுபவருக்கு இதில் உருவமே கிடையாது. அந்தக் குட்டிகள் கும்பிடும் தெய்வம் அவர். தெய்வத்தின் கையில் இருப்பதோ முரசு மட்டும். சதுர பட்டன் 'பட்டா', வட்டம் 'பொன்', முக்கோணம் 'சாக்கா', பெருக்கல் குறி 'டொன்'. 'பட்டா பட்டா பட்டா பொன்' என்று தட்டினால் முன்னே நடப்பார்கள். 'பொன் பொன் பட்டா பொன்' என்றால் பாய்ந்து தாக்குவார்கள். 'சாக்கா சாக்கா பட்டா பொன்' என்றால் கேடயத்தைத் தூக்குவார்கள்.

இனிமேல்தான் விஷயம். நீங்கள் நாலு தாளம் தட்டியதும் அவர்கள் அடுத்த நாலு தாளத்துக்கு அதே சொற்களைத் திருப்பிப் பாடுவார்கள். நீங்கள் கூச்சல் என்கிறீர்களே, அந்தப் பாட்டுதான் அது. அவர்கள் பாடி முடிக்கும்வரை கை பேசாமல் இருக்க வேண்டும். அவசரப்பட்டு இடையில் ஒரு தட்டு விழுந்தால் போச்சு, கோவை அறுந்துவிடும். பிசகாமல் கொண்டுபோனால், அதிகபட்சம் பத்துச் சுற்றுக்குள், 'ஃபீவர்' என்ற நிலை வரும். பாட்டும் ஆட்டமும் உச்சத்துக்குப் போகும், அடி பலமாக விழும். அந்த நேரத்தில்தான் கை பரபரக்கும். எதிரே ஒரு ராட்சத விலங்கு வாயைப் பிளந்துகொண்டு வருகிறது, இவர்களோ இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையன் அதைச் செய்கிறான் என்றால் அது சின்ன விஷயமில்லை.

மிருதங்க வகுப்பின் முதல் பாடம் என்ன? 'த தி தொம் நம்.' அதுவும் நாலு சொல். வாயால் சொல்லிவிட்டுத்தான் கையில் எடுப்பார்கள். உங்கள் மகன் இந்த நாலு சொல்லை விட்டுவிட்டு அந்த நாலு சொல்லுக்குப் போயிருக்கிறான். ஏன் என்று அவனிடம் கேட்டீர்களா? என் ஊகத்தைச் சொல்கிறேன். வகுப்பில் அவன் தட்டியதற்கு யாரும் திருப்பிப் பாடவில்லை. இங்கே ஒரு கூட்டமே பாடுகிறது.

அதற்காக, இது மிருதங்கத்துக்கு மாற்று என்று சொல்ல மாட்டேன். விரல் பழகாது, நடை மாறாது, தாளம் கடைசிவரை நாலுதான். பொருள் சேர்க்கப் போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டியிருப்பது எனக்கும் அலுப்புதான். கதையும் வேட்டையும் போருமாகத்தான் ஓடுகிறது. ஆனால் அந்தக் குட்டிகளை வெறும் குட்டி உருவங்கள் என்று நீங்கள் தள்ளுவதை ஒப்புக்கொள்ள முடியாது. தத்தேபொன், யாரிபொன், யுமிபொன் என்று அவர்களுக்குப் பெயர். ஜப்பானிய மொழியில் 'தத்தே' என்றால் கேடயம், 'யாரி' ஈட்டி, 'யுமி' வில். பெயரிலேயே ஒவ்வொருவனின் வேலையும் இருக்கிறது. மெகாபொன் என்று ஒருவன் ஊதுகுழலோடு வருவான். ஆயுதமே அவன் ஊதும் ஒலிதான். ஹாட்டாபொன் கொடி பிடிப்பவன். அவனுக்குச் சண்டை தெரியாது. ஆனால் அவன் விழுந்தால் அந்தச் சுற்றே தோற்றது. இவர்கள் எல்லோரும் உலகத்தின் எல்லைக்கு நடக்கிறார்கள். அங்கே 'அது' இருக்கிறதாம். 'அது' என்னவென்று அவர்களுக்கே தெரியாது. முரசு கேட்கிறவரை நடப்பார்கள்.

ஒன்று செய்யுங்கள். இன்றைக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கருவியை வாங்கி நீங்களே ஒரு சுற்று ஆடுங்கள். ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம், அதில் ஒலி கொஞ்சம் பிந்தி வரும், தாளம் தப்பும். திரையின் ஓரச் சட்டம் தாளத்துக்குத் தாளம் மின்னும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் சில முறை உங்கள் கொடிக்காரன் விழுவான். எங்கே முந்தினீர்கள், எங்கே பிந்தினீர்கள் என்று உங்கள் மகன் சொல்லித் தருவான். அப்புறம் மிருதங்கப் பேச்சை எடுங்கள்.